வண்டியின் அடியில் என்ன இருக்கிறது?



சென்ற வாரம் மிதிவண்டி நம் தோட்டங்களுக்குள் வந்து சேர்ந்த கதையைப் பேசினோம். இன்று நான்கு சக்கர வண்டிக்கு வருகிறோம். வண்டியின் மேல்புறத்தைப் பற்றி அல்ல. நாம் யாருமே குனிந்து பார்க்காத அடிப்புறத்தைப் பற்றி. அங்கே துரு எப்படி நுழைகிறது, அதைத் தடுக்க மனிதர்கள் எப்படியெல்லாம் பாடுபட்டார்கள் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைத் தொடங்கும் முன் எங்கள் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

1993ஆம் ஆண்டு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தோம். எங்கள் லயத்திலிருந்து மட்டும் பதினொரு பிள்ளைகள். பள்ளிப் பேருந்து எங்கள் தோட்டத்துக்குள் வராது. ஆகவே ஒன்பது குடும்பங்கள் ஒன்று கூடி, குடும்பத்துக்கு 400 வெள்ளி போட்டு, 3,600 வெள்ளிக்குப் பழைய வேன் ஒன்றை வாங்கின. அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது என்று நேயர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சீட்டுப் பணம். ஒரு வீட்டில் அம்மாவின் தோடு. இன்னொரு வீட்டில் தீபாவளிக்கென்று வாங்கிய முன்பணம்.

வேன் வந்த அன்று லயமே திரண்டுவிட்டது. கதவைத் திறந்து மூடிப் பார்த்தவர்கள் சிலர். ஹாரனை அடித்துப் பார்த்தவர்கள் பலர். குனிந்து அடியில் பார்த்த ஓரிருவருக்கும் மனநிறைவுதான். அடிப்பாகம் முழுவதும் புதிதாகத் தார் பூசி, கறுகறுவென்று பளபளத்தது. "அடியெல்லாம் புதுசா தார் அடிச்சுக் கொடுத்திருக்கேன்" என்று விற்றவர் சொன்னதை அப்பாக்கள் பெருமையாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

ஏழாவது மாதம், மழைக்காலத்தில் ஒரு காலை, பாலத்தை ஒட்டிய பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது வலப்பக்கப் பின் வில்லைத் தாங்கிய பகுதி வண்டியிலிருந்து பிய்ந்துகொண்டது. பின் இருக்கைக்கு அடியில் இருந்த தகடு வாய் பிளந்தது. வேன் சாய்ந்து கால்வாய்க்குள் இறங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது.

தோட்டத்து லோரிகளைப் பழுது பார்த்துவந்த பட்டறைப் பெரியவரை அழைத்து வந்தார்கள். நாங்கள் அவரைப் பட்டறைத் தாத்தா என்போம். அவர் வேனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையிலிருந்த திருப்புளியால் அந்தப் பளபளப்பான தாரை ஓர் அழுத்து அழுத்தினார். பழுத்த பப்பாளியில் இறங்குவதுபோல் அது உள்ளே போய்விட்டது.

"தம்பி, மேலே பார்த்து வாங்கினீங்க. கீழே படுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்தோம் ஐயா, தார் புதுசா இருந்துச்சு."

"அதுதான் தம்பி சங்கதியே" என்றார் அவர்.

அந்த வேனைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்கள். பதினொரு பிள்ளைகளில் இரண்டு பெண் பிள்ளைகள் அந்த ஆண்டோடு பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி கணக்கில் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி.

தாருக்கு அடியில் இரும்பு எப்படி மக்கும்? காற்றும் நீரும் படாமல் மூடித்தானே வைத்திருந்தார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நாம் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று நீர், மற்றொன்று காற்றிலுள்ள உயிர்வளி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. உப்பு சேர்ந்துகொண்டால் வேகம் பன்மடங்காகும். செம்பின் மேலும் அலுமினியத்தின் மேலும் உண்டாகும் மாசு ஒரு போர்வைபோல் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ பொரிபோல் உப்பி உதிரும். தான் தோன்றிய இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, மேலே பூசிய சாயத்தையும் தூக்கித் தள்ளிவிடும். பிறகு அந்த வழியாக மேலும் நீர் புகும்.

இது பள்ளிப் பாடம். ஆனால் பாடத்தில் பெரும்பாலும் வராத ஒன்றை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உலிக் எவன்ஸ் என்ற அறிஞர் 1920களில் காட்டினார். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகுத் தகட்டில் ஒரு துளி உப்பு நீரை விட்டு வைத்துப் பார்த்தார். துளியின் ஓரத்துக்குக் காற்று எளிதாகக் கிடைக்கும். நடுப்பகுதிக்குக் குறைவாகவே கிடைக்கும். ஆகவே ஓரம்தான் துருப்பிடிக்கும் என்று நாம் நினைப்போம். நடந்தது அதற்கு மாறானது. ஓரம் பளபளப்பாகவே இருந்தது. காற்று குறைந்த நடுப்பகுதியில்தான் இரும்பு கரைந்தது. இரண்டுக்கும் இடையே பழுப்பு வளையமாகத் துரு படிந்தது. மின்கலத்தில் நடப்பதைப் போலவே, காற்று நிறைந்த இடமும் காற்று குறைந்த இடமும் இரு முனைகளாகி, காற்று குறைந்த முனையின் இரும்பைத் தின்றுவிடுகின்றன.

நேயர்களே, இந்த ஒரு துளிக்குள் வண்டியின் அடிப்பாகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. சக்கரம் வாரி இறைத்த சேற்றுக்கட்டி ஒன்று சட்டத்தின் மூலையில் ஒட்டிக்கொள்கிறது. மேலே காய்ந்துவிட்டதுபோல் தோன்றும். அடியில் ஈரம் இருக்கும், காற்று இராது. அந்த இடம்தான் அரிபடும். தாரும் அப்படியே. நாளடைவில் அது காய்ந்து வெடிக்கும். வெடிப்பின் வழியே புகுந்த நீர் தாருக்கும் தகட்டுக்கும் நடுவில் தங்கிவிடும். மூடி வைத்தோம் என்று நாம் நிம்மதியாக இருப்போம். உள்ளே துளியின் நடுப்பகுதியில் நடந்ததே நடந்துகொண்டிருக்கும். எங்கள் வேனில் நடந்தது இதுதான். துருவைச் சுரண்டாமல், காயவிடாமல், அதன் மேலேயே தாரைப் பூசியிருந்தார்கள்.

உலோகத்தின் அடிப்புறத்தைக் காப்பது கார் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய கவலை. அது கப்பலில் தொடங்கியது. மரக்கப்பலின் அடியில் புழு துளைக்காமலும் சிப்பி ஒட்டாமலும் இருக்க, பிரிட்டிஷ் கடற்படை செப்புத் தகடு வேய்ந்திருந்தது. கடல்நீர் செம்பைத் தின்றது. 1824ல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி ஒரு வழி சொன்னார். செப்புத் தகட்டோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் பொருத்தினால், கடல் அந்தத் துண்டுகளைத் தின்னும், செம்பை விட்டுவிடும் என்றார். சொன்னபடியே நடந்தது, செம்பு தேயவில்லை. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்ததால்தான் சிப்பிகள் அண்டாமல் இருந்தன என்பது அப்போதுதான் தெரியவந்தது. கரைவது நின்றதும் சிப்பியும் பாசியும் மொய்த்துக் கப்பலின் வேகம் குறைந்தது. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. டேவிக்கு இது பெரிய மனவருத்தம். ஆனால் ஓர் உலோகம் தன்னை இழந்து இன்னோர் உலோகத்தைக் காக்கும் என்ற அவருடைய கருத்து மட்டும் நிலைத்துவிட்டது.

அந்தக் கருத்தின் பயனை நம் முன்னோர் தம் தலைக்கு மேலேயே கண்டிருக்கிறார்கள். 1837ல் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் என்ற பிரெஞ்சுக்காரர், உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். லயத்துக் கூரையில் வேய்ந்த நெளிதகரம் அவ்வாறு தோய்த்தெடுத்த இரும்புதான். தகரத்தில் ஆணி கீறிய கோடு உடனே துருப்பிடிக்காததைக் கவனித்திருப்பீர்கள். கீறலைச் சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைத் தந்து அந்த இடத்தைக் காக்கிறது. துத்தநாகம் தீர்ந்த பிறகுதான் கூரை சிவக்கும், மழை நாளில் வீட்டுக்குள் பாத்திரம் வைக்க வேண்டிவரும். தோட்டத்து வீட்டின் கூரைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கிடைத்த இந்தப் பாதுகாப்பு, விலை உயர்ந்த காரின் உடலுக்கு முழுமையாகக் கிடைக்க 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது சற்று வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஏன் அவ்வளவு தாமதம்? தொடக்கத்தில் தேவை அவ்வளவாக உணரப்படவில்லை என்பதே காரணம். 1908ல் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட டி மாடல் காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்தார்கள். நம் மலாயாவின் ரப்பருக்கு உலகச் சந்தையைத் திறந்துவிட்டது அந்த மாதிரிக் கார்கள்தாம். அதற்கு அடியில் கனமான எஃகினாலான தனிச் சட்டம் ஒன்று இருந்தது. அதைத்தான் சேஸி என்கிறோம். எஞ்சின், அச்சு, சக்கரம் எல்லாம் அதன் மேல்தான். உடற்கூடு தனியாக வந்து அதன்மேல் உட்காரும். சேஸியில் துருப்பிடித்தாலும் மேலே செதில் உதிருமே தவிர, கனமான எஃகு ஆண்டுக்கணக்கில் தாங்கும். அந்தக் காலத்து லோரிகளின் சேஸி, உடல் முழுவதும் போன பிறகும் உழைத்ததை மூத்த ஓட்டுநர்கள் இன்றும் சொல்வார்கள்.

பிறகு காரின் அமைப்பே மாறியது. 1922ல் இத்தாலியின் லான்சியா லாம்ப்டா, 1934ல் பிரான்சின் சிட்ரோயன் ஆகியவை தனிச் சேஸி இல்லாமல் வந்தன. மெல்லிய தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து ஒட்டவைத்து, உடலே சட்டமாகும்படி செய்தார்கள். முட்டை ஓட்டைப்போல. எடை குறைந்தது, எரிபொருள் மிஞ்சியது, விலையும் இறங்கியது. 1948ல் வந்த மோரிஸ் மைனர் இந்த வகைதான். மலாயாவில் ஆசிரியர்களும் கிராணிமார்களும் ஆசையோடு வாங்கிய கார் அது. 1985ல் வந்த நம் நாட்டு புரோட்டோன் சாகாவும் இந்த வகையே. சிக்கனமான, அறிவான அமைப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் பாரத்தைத் தாங்கும் எஃகின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. அதுவும் கதவுக்குக் கீழே ஓடும் நீண்ட பெட்டிப் பகுதிகளுக்குள் சாயம் போய்ச் சேராது. நீர் போகும், வெளியேற வழி இராது. மோரிஸ் மைனரில் பின் வில்லைத் தாங்கும் இடம்தான் முதலில் துருப்பிடிக்கும் என்பது அந்தக் காரை வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். எங்கள் வேன் பிய்ந்ததும் அதே இடத்தில்தான்.

இந்த மெல்லிய தகட்டின் மேல் உப்பு வந்து விழுந்த கதையே இந்த வரலாற்றின் நடுப்பகுதி. அது நடந்தது குளிர் நாடுகளில். நமக்குப் பனி தெரியாது. ஆனால் வீட்டில் ஐஸ்கிரீம் செய்பவர்கள் பனிக்கட்டியோடு உப்பைக் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு சேர்ந்தால் பனிக்கட்டி எளிதில் உருகும். சாலையில் உறைந்த பனி வழுக்கி விபத்துகள் நேர்ந்ததால், அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலம் 1941-42 குளிர்காலத்தில் சாலைகளில் உப்பைத் தூவுவதைப் பொது வழக்கமாக்கியது. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்கச் சாலைகளில் தூவியது ஏறத்தாழ 5,000 டன். 1955ல் பத்து லட்சம் டன். 1970 வாக்கில் ஏறத்தாழ ஒரு கோடி டன். சாலையில் உயிர்கள் பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் உருகிய உப்பு நீரைச் சக்கரங்கள் வாரி வாரி வண்டியின் அடியில் அடித்தன. மூன்று நான்கு குளிர்காலம் கண்ட கார்களில் தரை ஓட்டை விழுந்தது.

டெட்ராய்ட் நகரம் அமெரிக்கக் கார் தொழிலின் தலைநகரம். அங்கே கர்ட் சீபார்ட் என்ற ஜெர்மானியப் பட்டறைக்காரர் இருந்தார். பழுது பார்க்க வரும் கார்களை நாள்தோறும் கண்டு, தொல்லை வெளியே இல்லை, மூடிய பெட்டிப் பகுதிகளுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று உணர்ந்தார். ஆகவே அந்தப் பகுதிகளில் சிறு துளை போட்டு, நீண்ட குழாயை உள்ளே செலுத்தி, எல்லாப் பக்கமும் படும்படி துருத் தடுப்புப் பூச்சைப் பீய்ச்சி, பிறகு துளையை அடைப்பானால் மூடினார். 1959ல் அவர் பெயரில் தொழில் தொடங்கியது. பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. கார் செய்த பெரிய நிறுவனங்களின் வாசலிலேயே அவர்கள் விட்ட குறையைப் பட்டறைக்காரர் ஒருவர் சரிசெய்து பிழைத்தார் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். புதிய காரை வாங்கியவர், அது மக்காமல் இருக்க இன்னொருவரிடம் மேலும் பணம் கட்டினார்!

அந்தப் பணத்தைக் கட்ட முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? கனடாவில் அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த ஃபோர்டு கார்கள் பல சீக்கிரமே துருப்பிடித்தபோது, அவற்றின் உரிமையாளர்கள் 'துருப்பிடித்த ஃபோர்டு உரிமையாளர் சங்கம்' என்றே பெயரிட்டுப் போராடினார்கள். தனி ஒருவர் கேட்டால் கிடைக்காதது சங்கம் கேட்டால் கிடைக்கும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1970களின் இறுதியில் கனடா அரசு, புதிய கார் குறிப்பிட்ட ஆண்டுகள்வரை துருவால் துளை விழாமல் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு ஒரு நெறியை வகுத்தது.

பிரிட்டனில் நடந்தது இன்னும் பெரிய பரபரப்பு. லான்சியா நிறுவனத்தின் பீட்டா என்ற கார் அழகானது, வேகமானது. அதன் எஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டம் உடலோடு சேரும் இடத்தில் துரு அரித்திருப்பது தெரியவந்தது. 1980 ஏப்ரலில் நாளிதழ்கள் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. நிறுவனம் பழைய பீட்டா கார்களை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கி நொறுக்க வேண்டியதாயிற்று. போன பெயர் மீளவில்லை. 1994ல் லான்சியா பிரிட்டனில் கார் விற்பதையே விட்டுவிட்டது. 1922ல் உடலையே சட்டமாக்கி உலகுக்கு வழிகாட்டிய அதே நிறுவனம்தான்.

இப்படிப்பட்ட அடிகளுக்கு நடுவில்தான் தொழிற்சாலைகள் திருந்தின. 1960களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனம் சாயத் தொட்டிக்குள் உடலை முழுவதும் அமிழ்த்தி, மின்சாரம் செலுத்தி, இடுக்குகளிலும் சாயம் படியும்படி செய்யத் தொடங்கியது. இன்று கார்களுக்கு அடிச்சாயம் இடுவது பெரும்பாலும் அந்த முறையில்தான். ஜெர்மனியின் போர்ஷ நிறுவனம் 1976ஆம் ஆண்டு மாடலிலிருந்து துத்தநாகம் தோய்ந்த தகட்டால் உடலைச் செய்து, அடிப்பாகத்துக்கு ஆறு ஆண்டு உத்தரவாதம் தந்தது. 1985 தொட்டு அவுடி 100 காரின் உடல் முழுவதும் துத்தநாகம் பூசிய தகடானது. சொரெலின் தகரக்கூரை ஒருவழியாகக் காருக்கு வந்து சேர்ந்தது. ஃபோல்க்ஸ்வேகன் 1980களில் உருகிய மெழுகைப் பெட்டிப் பகுதிகளுக்குள் நிரப்பி வடித்தெடுத்தது. சீபார்ட் துளை போட்டுச் செய்த வேலையைத் தொழிற்சாலையே செய்யத் தொடங்கிவிட்டது.

அதோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. தனிச் சேஸி உள்ள வண்டிகள் இன்னும் இருக்கின்றன. தோட்டங்களில் நாம் காணும் டொயோட்டா ஹைலக்ஸ் அப்படிப்பட்டது. அமெரிக்காவில் ஹைலக்ஸுக்குப் பதிலாக 1995ல் டக்கோமா என்ற வண்டி வந்தது. அதன் சேஸிக்குத் துருத் தடுப்புப் பூச்சு சரிவர இடப்படவில்லை. 2008ல் டொயோட்டா 1995 முதல் 2000 வரையிலான வண்டிகளின் சேஸிக்கு 15 ஆண்டு உத்தரவாதத்தை நீட்டித்து, மிகவும் மோசமானவற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிறகு வந்த டக்கோமாவையும் டொயோட்டாவின் வேறு சில வண்டிகளையும் பற்றிய வழக்கு 2016ல் இணக்கத்துக்கு வந்தது. ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள்; அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். கனமான சேஸி என்றால் கவலை இல்லை என்ற பழைய நம்பிக்கைக்கு இது போதும்.

"பனியும் உப்பும் நமக்கு இல்லையே" என்று சில நேயர்கள் நினைக்கலாம். செம்பனைக்குப் போடும் உரத்தை எண்ணிப் பாருங்கள். முரியேட் ஆஃப் பொட்டாஷ் என்று மூட்டையில் எழுதியிருக்கும் அந்தப் படிகம், இரசாயன முறையில் சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி குளோரின். இரும்பைத் தின்பதில் சமையல் உப்புக்கு அது சளைத்ததல்ல. உரம் போடப் போகும் நம் தாய்மார்களுக்கு இது புதிய செய்தி அன்று. பிளாஸ்டிக் வாளி நன்றாக இருக்கும்போதே அதன் கம்பிக் கைப்பிடி அற்றுப்போவதைக் கண்டவர்கள் அவர்கள். அந்த மூட்டைகளை ஏற்றிய லோரியின் தரையில் சிந்திய உரம், மழையில் கரைந்து எங்கே வடிகிறது? சட்டத்துக்குத்தான். ரப்பர்த் தோட்டத்தில் பாலை உறையவைக்கும் ஃபோர்மிக் அமிலமும் இதே வகைத் தொல்லை. இவற்றோடு, நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. 60 விழுக்காட்டைத் தாண்டினாலே எஃகு துருப்பிடிப்பது வேகம் கொள்ளும் என்பார்கள். குளிர் நாட்டில் உப்புக்காலம் சில மாதம். நமக்கு ஆண்டு முழுவதும்.

தோட்டத்து ஓட்டுநர்களிடம் ஒரு பழைய கைவைத்தியம் உண்டு. எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பெண்ணெயை அடிப்பாகத்தில் பூசுவார்கள். எண்ணெய் நீரைத் தள்ளும் என்பது உண்மைதான். ஆனால் எரிந்து தீர்ந்த எண்ணெயில் அமிலம் உண்டு, அது ரப்பர்ப் பகுதிகளை ஊதவைக்கும், தோலுக்குக் கெடுதல், மழையில் கழுவப்பட்டுக் கால்வாயில் கலக்கும். அதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். அதைவிடச் செலவில்லாதது தண்ணீர். உரம் ஏற்றிய நாளும் கடலோரம் போய்வந்த நாளும், வண்டியின் அடியில், சக்கர வளைவுக்குள், சட்டத்தின் மூலைகளில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட வேண்டும். கதவுக்கு அடியில் நீர் வடிய வைத்த சிறு துளைகளை ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிட வேண்டும். பிறகு காற்றோட்டமான இடத்தில் காயவிட வேண்டும். ஈர வண்டியை நாற்புறமும் அடைத்த கொட்டகையில் பூட்டுவது வெளியில் நிறுத்துவதைவிட மோசம். தார் பூசத்தான் வேண்டும் என்றால், துருவை வெளிச்சம் தெரியச் சுரண்டி, துருத் தடுப்புச் சாயம் இட்டு, நன்றாகக் காய்ந்த பின்பே பூச வேண்டும். பெட்டிப் பகுதிகளுக்குள்ளே போக வேண்டியது தார் அன்று. இறுகாமல் இளகியே இருக்கும் மெழுகுப் பூச்சுதான், ஏனென்றால் அது வெடிக்காது. சிறு கீறலில் தானே ஊர்ந்து மூடும்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? புதுத் தாரைக் கண்டால் மகிழாதீர்கள். அதற்குக் கீழே என்ன என்று கேளுங்கள். விற்பவர் திருப்புளியால் தட்டிப் பார்க்க விடவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. நல்ல தகடு "டங்" என்று ஒலிக்கும். மக்கியது "பொத்" என்னும்.

1995ல் எங்கள் லயத்துக் குடும்பங்கள் இரண்டாம் முறை பணம் சேர்த்தன. இம்முறை பட்டறைத் தாத்தாவை முன்னிருக்கையில் உட்காரவைத்து அழைத்துப் போனார்கள். கைவிளக்கும் திருப்புளியுமாக அவர் மூன்று வேன்களுக்கு அடியில் படுத்து எழுந்தார். முதல் இரண்டும் பளபளப்பானவை; வேண்டாம் என்றார். மூன்றாவதன் சாயம் வெளுத்திருந்தது, அடியில் தாரே இல்லை, செம்மண் அப்பியிருந்தது. மண்ணைத் தட்டிவிட்டு அங்குலம் அங்குலமாகத் தட்டிக் கேட்டார். "இதை எடுங்க தம்பி" என்றார். வாங்கி வந்ததும் இரண்டு நாள் கழுவிக் காயவைத்து, கிரீஸை எண்ணெயில் இளக்கி, பழைய மருந்தடிக்கும் பம்பின் குழாயால் பெட்டிப் பகுதிகளுக்குள் அவரே பீய்ச்சினார். ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்துக்கு முன் அதைத் திரும்பச் செய்தார்.

அந்த வேன் 2002 வரை ஓடியது. எங்களுக்குப் பின் வந்த பிள்ளைகளும் அதில்தான் பள்ளிக்குப் போனார்கள். 1993ல் நின்றுபோன அந்த இரண்டு பிள்ளைகள் மட்டும் அதில் ஏறவே இல்லை. அது வந்து சேர்ந்தபோது ஒருத்தி தாயோடு பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். மற்றவள் பட்டணத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றிருந்தாள்.

நேரம் முடிகிறது. அடுத்த வாரம் தோட்டத்துக்கு மின்சாரம் வந்த கதையோடு சந்திப்போம். வணக்கம்.